ஓவனைத் திறங்க பாஸ்!

நவம்பர் மாசம். நீங்க எம்.எஸ். படிக்க அமெரிக்கா போய் இறங்கி மூணு மாசம் ஆச்சு. ஆகஸ்ட்ல பச்சைப் பசேல்னு இருந்த கேம்பஸ் மரமெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு கலர் மாறி, இப்போ மொட்டையா நிக்குது. மாசத்தோட முதல் ஞாயிறு அன்னிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சுட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடுது. அந்த நேரம் பார்த்து ஒரு மெயில். 'தேங்ஸ்கிவிங் அன்னிக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. முடிஞ்சா ஒரு சைட் டிஷ் கொண்டு வாங்க!' அனுப்பினது உங்க ப்ரொஃபசர்.

என்ன பண்ணுவீங்க?

'சாரி சார், அசைன்மென்ட் இருக்கு'ன்னு ஒரு பொய் சொல்லிட்டு, ரூம்ல நூடுல்ஸ் கிண்டத் தோணும். கூச்சம் ஒரு பக்கம், 'நமக்குச் சுடுதண்ணி தவிர எதுவும் வைக்கத் தெரியாதே'ங்கற பயம் ஒரு பக்கம். ஆனா அந்த நாலாவது வியாழக்கிழமை பெரும்பாலான கேம்பஸ் வெறிச்சோடிக் கிடக்கும். பசங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குக் கிளம்பியிருப்பாங்க. பாதிக் கடை மூடியிருக்கும். அன்னிக்கு ரூமுக்குள்ள தனியா உட்கார்ந்து சுவரைப் பார்த்துட்டு இருக்கறது ரொம்பக் கொடுமை. அதுக்காகவாவது போகணும். கையை வீசிட்டுப் போகாம, ஒரு டிஷ்ஷோட போகணும்.

அதுக்கு ஒரே ஒரு ஐட்டம் கத்துக்கிட்டாப் போதும். இலையுதிர் காலம் வந்தா அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு செய்யற இனிப்பு மசாலா ரோஸ்ட். காயை வெட்டி, எண்ணெயும் பட்டைத்தூளும் பிசிறி, ஓவன்ல சுட்டு, கடைசியில கொஞ்சம் மேப்பிள் சிரப். அவ்ளோதான்!

காய் அங்கே... மசாலா இங்கே!

இதுக்கான ஹீரோ பட்டர்நட் ஸ்குவாஷ். சந்தன கலர்ல, கழுத்து நீண்ட சொம்பு மாதிரி கடையில அடுக்கி வெச்சிருப்பாங்க. வெட்டிப் பாருங்க... அட, நம்ம பரங்கிக்காய் வாசனை! ஆச்சரியப்படாதீங்க. ரெண்டும் குக்கர்பிட்டா மொஸ்காட்டாங்கற ஒரே இனம். இந்த பட்டர்நட் ரகத்தை 1940-கள்ல மாசசூசெட்ஸ்ல ஸ்டோங்கற ஊர்ல சார்லஸ் லெகெட்ங்கறவர் உருவாக்கினார்.

இன்னும் கேளுங்க. பொங்கல் அன்னிக்கு நம்ம வீட்டுக் கூட்டுல விழற பரங்கிக்காயும், சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்த காய்கள்தான். கொலம்பஸ் 1492-ல அங்கே போனதுக்கு அப்புறம்தான் அதெல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் வந்துச்சு. சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மெக்சிகோ பக்கம் இந்தப் பூசணிக் குடும்பத்தைப் பயிர் பண்ணியிருக்காங்க. அமெரிக்கப் பழங்குடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூணையும் ஒரே இடத்துல நடுவாங்க. சோளத்தண்டைப் பிடிச்சு பீன்ஸ் ஏறும். பீன்ஸ் மண்ணுக்கு நைட்ரஜன் கொடுக்கும். ஸ்குவாஷ் இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். அதனால 'மூணு சகோதரிகள்'னு பேர்.

மசாலாவோ நேரெதிர் திசை. பட்டை இலங்கைப் பக்கம், ஜாதிக்காய் இந்தோனேஷியாவோட பண்டா தீவுகள், மிளகு நம்ம கேரளா. ஆக, அந்த ட்ரேயில இருக்கறது பாதி அவங்க ஊர், பாதி நம்ம ஊர். 'அமெரிக்கன் சாப்பாடு நமக்கு எப்படி வரும்?'னு தயங்கவே வேண்டாம்.

தேங்ஸ்கிவிங் கதையையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. 1621-ல பிளிமத்ல குடியேறின இங்கிலீஷ்காரங்களும் வாம்பனோவாக் பழங்குடியினரும் சேர்ந்து சாப்பிட்ட அறுவடை விருந்தைத்தான் எல்லாரும் சொல்வாங்க. 1863-ல ஆபிரகாம் லிங்கன் நாடு முழுக்க நன்றி சொல்ற நாளா அறிவிச்சார். நவம்பர் நாலாவது வியாழன்னு சட்டம் வந்தது 1941-ல. அதே நாள்ல, 1970-லேர்ந்து, பழங்குடி மக்கள் அதே பிளிமத்ல துக்க தினம் அனுசரிக்கறாங்க. நிலம் பறிபோனவங்களோட காய் அது. சாப்பிடும்போது அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

முதல் வேலை: பாத்திரத்தை வெளியே எடுங்க

நம்மாளுங்க நாலு பேர் சேர்ந்து தங்கற அபார்ட்மென்ட்ல ஓவன் எதுக்கு? வாணலி, குக்கர் மூடி, தோசைக்கல் வைக்கற அலமாரி! உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம ஆன் பண்ணினா, ப்ளாஸ்டிக் கைப்பிடி உருகி, ஸ்மோக் அலாரம் அலறி, மொத்த பில்டிங்கும் ஸ்வெட்டரோட ரோட்டுல நிக்கும். ஸோ, முதல்ல காலி பண்ணுங்க.

அடுத்த ஆபத்து டிகிரி. அந்த ஊர் ஓவன்ல இருக்கறது பெரும்பாலும் ஃபாரன்ஹீட். நமக்கு வேண்டியது 425. அதாவது நம்ம கணக்குல கிட்டத்தட்ட 220 செல்சியஸ். 'அம்மா 220-ன்னு சொன்னாங்களே'ன்னு அங்கே 220-ல வெச்சீங்கன்னா, அது வெறும் 104 செல்சியஸ். ஒரு மணி நேரம் கழிச்சும் காய் வெளுத்துப் போய் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

தேவையானவை (ஆறு பேருக்கு)

பட்டர்நட் ஸ்குவாஷ் - 1 (சுமார் 1.2 கிலோ)
கேரட் - 3
பெரிய வெங்காயம் - 1
எண்ணெய் - 3 டேபிள்ஸ்பூன்
உப்பு - 1 டீஸ்பூன்
பட்டைத்தூள் - அரை டீஸ்பூன்
சீரகத்தூள் - அரை டீஸ்பூன்
மிளகாய்த்தூள் - கால் டீஸ்பூன்
ஜாதிக்காய்த்தூள் - ஒரு சிட்டிகை
மேப்பிள் சிரப் - 2 டேபிள்ஸ்பூன்

மேப்பிள் சிரப் விலை கொஞ்சம் கடிக்கும். நியாயம்தான். ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாறைக் காய்ச்சணும். பர்ஸ் இடம் கொடுக்கலைன்னா ரெண்டு டேபிள்ஸ்பூன் வெல்லத்தைத் துளி தண்ணியில கரைச்சு வெச்சுக்கங்க. யாரும் குறை சொல்ல மாட்டாங்க!

செய்யறது இப்படி

ஓவனை 425-ல சூடு பண்ண விட்டுடுங்க. ஸ்குவாஷ் தோல் கல்லு மாதிரி இருக்கும். கத்தி வழுக்கும், ஜாக்கிரதை. அங்கங்கே குத்தி ஓட்டை போட்டு மைக்ரோவேவ்ல ரெண்டு மூணு நிமிஷம் வெச்சா இளகிடும். மேல, கீழ சீவித் தட்டையாக்கி நிக்க வெச்சு, தோலைச் சீவுங்க. ரெண்டா பிளந்து விதையை வழிச்சுட்டு, ஒரு இஞ்ச் சதுரமா வெட்டுங்க. கேரட்டை அதைவிடக் கொஞ்சம் சின்னதா. வெங்காயம் பெரிய துண்டா.

காயை நல்லாத் துடைச்சுட்டு, எண்ணெய், உப்பு, மசாலா எல்லாம் போட்டுக் கையாலேயே பிசிறுங்க. ரெண்டு ட்ரேயில ஃபாயில் விரிச்சு, ஒண்ணுமேல ஒண்ணு படாம பரப்புங்க. 25 நிமிஷம். நடுவுல ஒரு தடவை புரட்டிவிடுங்க. ஓரமெல்லாம் பொன்னிறமா மாறினதும் வெளியே எடுத்து, சிரப்பைச் சுத்தி ஊத்திப் புரட்டி, மறுபடியும் எட்டுலேர்ந்து பத்து நிமிஷம். பளபளன்னு ஒட்டிக்கிட்டு வரும். ஒரு துண்டுல கத்தியை இறக்கிப் பாருங்க. வெண்ணெய் மாதிரி போச்சா? முடிஞ்சது.

ஏன் ரெண்டு ட்ரே? காயில இருக்கற தண்ணி போற வரைக்கும் அதோட சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நெருக்கிப் போட்டா ஆவி வெளியே போக வழியில்லாம காய் வேகும், ரோஸ்ட் ஆகாது. ஈரம் வத்தினாத்தான் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து அந்தப் பொன்னிறத்தையும் வாசனையையும் தரும். 1912-ல லூயி கமீல் மயார்ங்கற பிரெஞ்சுக்காரர் விளக்கின வேதிவினை இது. தோசை முறுகறதும் இதே கெமிஸ்ட்ரிதான். சிரப்பை ஏன் கடைசியில ஊத்தணும்? சர்க்கரை 170 டிகிரி வாக்குலேயே கருக ஆரம்பிக்கும். முதல்லேயே ஊத்தினா ட்ரே முழுக்கக் கரிதான்.

எடுத்துட்டுப் போகும்போது

சாப்பாட்டு நேரத்துக்குப் பக்கமா செஞ்சு, மூடி எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியே வெச்சுக் காக்க வேண்டாம். உள்ளே என்னென்ன இருக்குன்னு சின்னச் சீட்டு எழுதி ஒட்டுங்க. மேல பாதாம், வால்நட் தூவற ஐடியா இருந்தா, வீட்டுல யாருக்காவது அலர்ஜி இருக்கான்னு முன்னாடியே கேட்டுடுங்க. அது மரியாதை மட்டும் இல்லை, உயிர் விஷயம்.

நீங்க வெஜிடேரியனா? அப்போ இந்த ட்ரே உங்களையே காப்பாத்தும். டேபிள் நடுவுல வான்கோழி இருக்கும். ஸ்டஃப்பிங், கிரேவின்னு அப்பாவியா இருக்கறதுலகூட இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். 'எனக்கு வெறும் பிரெட் போதும்'னு நெளியாம, உங்க டிஷ்ஷையே ஒரு கட்டு கட்டலாம்!

இங்கேயே இருக்கறவங்களுக்கு...

ஓவன் இல்லை, இலை உதிரவும் இல்லை, வெளியே அடைமழைன்னு சொல்றீங்களா? அதனாலென்ன! அரைக் கிலோ பரங்கிக்காய், ஒரு கனமான இரும்பு வாணலி போதும். ரெண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, துண்டுகளை ஒரே அடுக்கா பரப்புங்க. தண்ணி விடாதீங்க, மூடாதீங்க, சும்மா சும்மா கிண்டாதீங்க. ஒவ்வொரு பக்கமா சிவந்ததும் உப்பு, பட்டைத்தூள், மிளகாய்த்தூள். இறக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வெல்லம். ரசம் சாதத்துக்கு வெச்சுச் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க.

அன்னிக்கு அந்த டேபிள்ல யாராவது ஒருத்தர் ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டு, 'இது எங்க ஊர்க் காய்தானே, எப்படிச் செஞ்சே?'ன்னு கேட்பாங்க. 'எங்க ஊர்லயும் இருக்கே! பொங்கலுக்கு எங்கம்மா செய்வாங்க'ன்னு நீங்க ஆரம்பிப்பீங்க. மூணு மாசமா வாயைத் திறக்காம இருந்தவர் அன்னிக்கு நைட் ரூமுக்குத் திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும்.

ஸோ, மெயிலுக்கு 'வர்றேன்'னு பதில் போட்டாச்சா? ஓவன்லேர்ந்து தோசைக்கல்லை எடுத்தாச்சா? ரெடி... ஜூட்!