தங்க ரதம் தங்கவயலுக்கு வராது!

ராபர்ட்சன்பேட்டை: கர்நாடகத்தில் 2008-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய சொகுசு ரயிலுக்குப் பெயர் 'தங்க ரதம்'. ஹம்பியிலுள்ள கல் தேரை வைத்துச் சூட்டிய பெயர். பெட்டிகளுக்கு ஹொய்சளர், கதம்பர், கங்கர் என்று அரச வம்சப் பெயர்கள். மைசூர், ஹம்பி, கோவா என்று சுற்றிக் காட்டுவார்கள். கட்டணத்தைக் கேட்டால் நம்மவருக்குத் தலை சுற்றும்!

தங்கத்துக்கென்றே போட்ட பாதையோ நம்முடையது. பௌரிங்பேட்டை என்று அன்று பெயர் கொண்ட பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 1894-இல் போட்டார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள், பாதை மிஞ்சியது. பெங்களூரில் வேலை தேடிக்கொண்டவர்கள் விடியுமுன்னே சீசன் டிக்கெட்டும் சாப்பாட்டு டப்பாவுமாக இதில்தான் ஏறுகிறார்கள். மாரிக்குப்பத்தில் ஏறினால் உட்கார இடமுண்டு. பங்காரப்பேட்டையில் ஏறுகிறவர் பெரும்பாலும் பெங்களூர் வரை நின்றபடிதான்.