உங்களுக்குத் தெரியுமா? தவறணையை மூடவும் ஒரு வாக்கெடுப்பு!

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பலசரக்குக் கடையில் வைன் விற்கலாமா என்று இன்று யாரும் நம்மிடம் வாக்குக் கேட்பதில்லை. தீர்மானிப்பது மதுவரி அனுமதிப்பத்திரம். கொழும்பின் சில பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் அரிசி, பருப்பைத் தாண்டிப் போனால் பியருக்கும் வைனுக்கும் தனி மூலை உண்டு. போயா நாளில் அங்கே விற்பனை இல்லை.

ஆனால் நம் பூட்டன் காலத்தில் கேட்டார்கள்! 1912 மதுவரிச் சட்டத்தை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில் எஃப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க சகோதரர்கள் முன்னின்றார்கள். பின்னர், ஊரில் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊரவர்களே வாக்களிக்கும் முறை வந்தது. 1920களில் யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில் தவறணைகள் இப்படித்தான் மூடப்பட்டன.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கதை நேர்மாறு. பலசரக்குக் கடையில் வைன் விற்கலாமா என்று 2014 நவம்பரில் 78 ஊர்களில் கேட்டார்கள், அத்தனையிலும் ‘ஆம்’. 2016 ஜூலை 1 முதல் விற்பனை.

இங்கோ, பெண்களுக்கு மது விற்கக் கூடாதென்ற 1979ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்க, சில நாட்களிலேயே அதை மீளப்பெறச் சொன்னார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. வாக்காளரை இரண்டு தடவையும் கேட்கவில்லை! 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதோ, ஆண் பெண் பேதமின்றிக் குற்றம்.