கடல்மட்டத்திலிருந்து கணவாய்க்கு

இமயமலையின் உயர்ந்த கணவாய் ஒன்றை நடந்தே கடக்க வேண்டும் என்னும் விருப்பம் இன்று மலைநாட்டாருக்கு மட்டும் உரியதாக இல்லை. தென்கோடியில், கடலை ஒட்டி வாழும் திருவனந்தபுரத்து இளைஞர்களும், பணி ஓய்வு பெற்றோரும், குடும்பத்தலைவியரும் அவ்விருப்பத்தோடு ஆண்டுதோறும் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றனர். விருப்பம் நன்று. எனினும் நம்மூரிலிருந்து புறப்படுவோர்க்குச் சில தடைகள் கூடுதலாக உண்டு. நாம் வாழ்வது கடல்மட்டத்தில். நாம் அறிந்த குளிர் மார்கழி விடியற்காலையின் குளிர். மலையின் அடிவாரத்தை அடையவே நாம் நாட்டின் நீளம் முழுவதையும் கடந்தாக வேண்டும். இவற்றைக் கணக்கில் கொண்டு ஓராண்டுக்கு முன்பே திட்டமிடுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். எடுத்துக்காட்டாக இமாசலப் பிரதேசத்தின் பின் பார்வதி கணவாயை எடுத்துக்கொள்கிறோம்.

பாதையின் இயல்பு

பின் பார்வதி கணவாயின் உயரம் 5,319 மீட்டர். குல்லு மாவட்டத்தின் பசுமையான பார்வதிப் பள்ளத்தாக்கையும், மழை மறைவுப் பகுதியான ஸ்பிதியின் பின் பள்ளத்தாக்கையும் இது இணைக்கிறது. ஸ்பிதிக்கு மாற்றுவழி தேடிய ஆங்கிலேய அதிகாரி லூயிஸ் டேன் 1884ஆம் ஆண்டு இதனைக் கடந்ததாகக் குறிக்கப்படுகிறது. பர்ஷைனி என்னும் சிற்றூரில் தொடங்கும் பாதை, வெந்நீர் ஊற்றுள்ள கீர்கங்கா, துண்டா புஜ், பாண்டவர் அமைத்ததாக மக்கள் நம்பும் பெரும்பாறைப் பாலங்களான பாண்டு புல் ஆகியவற்றைத் தாண்டி, சுமார் 4,100 மீட்டர் உயரத்திலுள்ள மண்டலாய் ஏரியை அடைகிறது. அதன்பின் பாறைச் சரிவும் பனிப்பாறையும். கணவாயைக் கடந்து இறங்கினால் முத் என்னும் கிராமம்.

நூறு கிலோமீட்டருக்குக் குறையாத இந்நடைக்குப் பத்து நாள்களுக்கு மேல் தேவைப்படும். இடையில் ஊரில்லை, கடையில்லை, மருத்துவமனையில்லை. பாதி வழி தாண்டியபின் திரும்புவதும் முன்னே செல்வதும் ஒரே அளவு தொலைவாகிவிடுகிறது. பனிப்பாறையில் மேற்பனி மூடிய வெடிப்புகள் உண்டு. ஆதலால் வெயில் ஏறிப் பனி இளகுமுன் அப்பகுதியைக் கடக்க வேண்டும். உருகும் பனியால் ஓடைகள் பிற்பகலில் பெருகும். காலையில் முழங்காலளவு ஓடிய நீர் மாலையில் ஆளை இழுத்துச் செல்லும். எனவே இது முதல் இமயப் பயணத்திற்கு உரிய பாதை அன்று. 4,000 மீட்டரைத் தாண்டும் எளிய பாதை ஒன்றையேனும் முன்னரே நடந்தவர்களே, தேர்ந்த வழிகாட்டியுடனும் கயிற்றுடனும் இதனை நினைக்கலாம்.

காற்றின் கணக்கு

உயரம் ஏறும்போது காற்று எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்ததில் நம் நகருக்குப் பழம்பெருமை உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1852இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன், அடர்ந்த காட்டைக் கடந்து கருவிகளைக் கொண்டு சென்று, அகத்தியமலையின் உச்சிப் பகுதியிலும் ஓர் ஆய்வுநிலையத்தை அமைத்தார். கடற்கரை நகரிலும் மலையுச்சியிலும் எடுக்கப்படும் அளவீடுகளை ஒப்பிடுவதே நோக்கம்.

அந்த ஒப்பீடு இன்று நமக்கும் தேவைப்படுகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. மண்டலாய் ஏரிக்கரையில் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. பின் பார்வதி கணவாயில் ஏறத்தாழப் பாதி. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைப்பது குறைகிறது. இதற்கு ஈடுகொடுக்க உடல் சில நாள்களை எடுத்துக்கொள்கிறது. அந்நாள்களை உடலுக்குத் தராமல் பறிப்பதே உயர்மலை நோய்க்குக் காரணம்.

உடலைப் பழக்குதல்

பயிற்சிக்கு நம்மூரில் குறைவில்லை. சங்குமுகம் மணலில் நடப்பது கணுக்காலை உறுதியாக்கும். வீட்டு மாடிப்படிகளில் பத்துக் கிலோ சுமையுடன் ஏறி இறங்குவது தொடைகளுக்குப் பயன் தரும். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலைச் சோதிக்கும் என்பதால் இறக்கத்தை விட்டுவிடலாகாது. வார இறுதிகளில் 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொன்முடிச் சாலை இருக்கிறது.

இவற்றிற்கெல்லாம் மகுடமாக அமைவது அகத்தியர்கூடம். வனத்துறை ஆண்டின் தொடக்க மாதங்களில் முன்பதிவு செய்தோரை மட்டும் போனக்காட்டிலிருந்து வழிகாட்டியுடன் அனுமதிக்கிறது. அதிருமலை முகாமில் தங்கி, உச்சிக்குச் சென்று மீளும் இப்பயணத்திற்கு மூன்று நாள்கள் ஆகும். உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2019ஆம் ஆண்டு முதல் பெண்களும் இம்மலையேறுகின்றனர். தமிழ் முனிவரின் பெயர் தாங்கிய இம்மலை, சுமையுடன் அடுத்தடுத்த நாள்களில் நம்மால் நடக்க முடிகிறதா என்பதைக் காட்டிவிடும். புதிய காலணியைப் பழக்குவதற்கும், எந்தப் பொருள் பையில் வீண்சுமை என்பதை அறிவதற்கும் இதுவே தகுந்த இடம்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. உடல்வலிமை உயர்மலை நோயைத் தடுப்பதில்லை. நாள்தோறும் ஓடும் இருபது வயது இளைஞரைத் தாக்கும் நோய், மெல்ல நடக்கும் அறுபது வயதினரை விட்டுவிடக்கூடும். வலிமையுள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே இடர் மிகுவதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுப்பதும் மருத்துவர்கள் கூறும் பொதுவிதிகள்.

தலைவலியுடன் குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் ஆகியவை தோன்றினால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். பேச்சிலும் நினைவிலும் குழப்பம், நேர்கோட்டில் நடக்க இயலாமை ஆகியவை மூளையில் நீர் கோத்தலின் அறிகுறிகள்; ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறலும் இருமலும் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இவ்விரண்டிற்கும் முதல் மருந்து, இரவானாலும் தாமதியாமல் கீழே இறங்குதல். அசெட்டசோலமைடு என்னும் தடுப்பு மருந்தை மருத்துவரின் அறிவுரை பெற்றே உட்கொள்ள வேண்டும். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர் அதனை முன்னரே தெரிவிப்பது அவசியம்.

நாள்காட்டியும் பணமும்

ஆகஸ்டு இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை இக்கணவாய்க்கு ஏற்ற காலம். அதற்கு முந்தைய ஆண்டின் ஓணத்தின்போதே திட்டம் தொடங்கிவிட்டால் நலம். மாதம் 5,000 ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தினால் பன்னிரண்டு மாதங்களில் 60,000 ரூபாயும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும். கடன் அட்டையில் செலவிட்டு வந்தபின் வட்டி கட்டுவதைவிட இது நிம்மதியான வழி.

திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் புதுதில்லி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் கழியும். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு தொடங்குகிறது. தில்லியிலிருந்து பூந்தர் வரை ஓர் இரவுப் பேருந்து, அங்கிருந்து மணிகரண் வழியாகப் பர்ஷைனி. நடையின் முடிவில் முத் கிராமத்திலிருந்து காஸா சென்று, மணாலி அல்லது சிம்லா வழியே திரும்ப வேண்டும். ஆக, பத்துப் பதினொரு நாள் நடைக்கு மூன்று வார விடுப்பு தேவை.

இங்கேதான் தென்னாட்டிலிருந்து செல்வோர்க்கு ஒரு மறைவான இடர் இருக்கிறது. குல்லுவில் வாழ்பவர் வானிலை கெட்டால் வீடு திரும்பி அடுத்த மாதம் மீண்டும் வருவார். நாமோ ஓராண்டுச் சேமிப்பையும் மூன்று வார விடுப்பையும் செலவிட்டு, நாட்டின் மறுமுனையிலிருந்து வந்திருக்கிறோம். திரும்பும் தொடர்வண்டியின் தேதி பையில் இருக்கிறது. "இவ்வளவு செலவழித்து வந்துவிட்டோமே" என்னும் எண்ணம் மேகம் திரண்ட காலையிலும் காலை முன்னே வைக்கச் சொல்லும். செலவழிந்த பணம் திரும்பினாலும் வராது, முன்னேறினாலும் வராது. ஆகவே முடிவெடுக்கும் நேரத்தில் அதற்கு இடமில்லை. இந்த உண்மையை வணிகத்தில் எளிதில் ஏற்கும் நாம், மலையில் மறந்துவிடுகிறோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் உத்தராகண்டின் சகஸ்திரதால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தினர் அடங்கிய 22 பேர் கொண்ட குழு, 4,000 மீட்டருக்கு மேல் பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். மலையில் வானிலை சில மணி நேரத்தில் மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகையால் பயணத்தொகையை மூன்று பங்காக்கிக்கொள்வோம். முதற்பங்கு, பயணமும் வழிகாட்டியும் உணவும். இரண்டாம் பங்கு, இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் வழிகாட்டிக்கும் சுமைதூக்குவோர்க்கும் தர வேண்டிய கூலி. மூன்றாம் பங்கு, பாதியில் திரும்ப நேர்ந்தால் வேறு தேதியில் ஊர் திரும்புவதற்கான கட்டணம். திரும்புவதற்கான பணம் தனியாக இருந்தால், திரும்பும் முடிவை எடுப்பதும் எளிதாகும். கணவாயைக் கடக்கும் நாளில் எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்புவது, யார் சொன்னால் திரும்புவது என்பவற்றை ஊரில் இருக்கும்போதே குழு எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். வழிகாட்டி வேண்டாமென்றால் விவாதம் இல்லை என்பது அவ்விதிகளுள் முதலாவதாக இருக்கட்டும்.

காப்பீடு, ரொக்கம், நியமனம்

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் சாகச விளையாட்டு பற்றிய விலக்குப் பிரிவைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். விலக்கு தொழில்முறையாக ஈடுபடுவோர்க்கு மட்டுமா, எல்லோர்க்குமா? விபத்துக் காப்பீட்டில் இதே பிரிவு எவ்வாறு உள்ளது? எத்தனை மீட்டர் உயரம் வரை பொறுப்பேற்கிறார்கள்? மீட்புக் குழுவுக்கும் ஹெலிகாப்டருக்கும் ஆகும் செலவு அடங்குமா? இவற்றிற்கு எழுத்துவழி விடை பெறுவது நன்று.

கைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் யுபிஐ பயன்படாது. எனவே தேவையான ரொக்கத்தைச் சிறு தாள்களாகப் பள்ளத்தாக்கில் நுழையுமுன்பே எடுத்து, நீர்புகாத உறையில் இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வைக்க வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசியை அரசின் அனுமதியின்றி எடுத்துச் செல்வது சட்டத்திற்குப் புறம்பானது; அயல்நாட்டு உறவினர் அன்போடு தந்தாலும் தவிர்க்கவும்.

புறப்படுமுன் வங்கிக் கணக்குகளிலும் வைப்புகளிலும் வாரிசு நியமனம் பதிவாகியுள்ளதா என்று சரிபார்ப்பது பயணிக்கு மட்டுமன்றி எல்லோர்க்கும் உரிய கடமை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். இதனை அபசகுனம் என்று கருத வேண்டியதில்லை.

வீட்டில் இருக்க வேண்டிய தாள்

இறுதியாக, ஒரே ஒரு தாளை வீட்டாரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் தங்கும் இடம், வழிகாட்டியின் பெயரும் எண்ணும், குழுவினரின் குருதி வகை, காப்பீட்டு எண், சமிக்ஞை கிடைக்கும் முதல் இடத்தை அடையும் தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். அத்தேதிக்குப்பின் எத்தனை நாள் காத்திருப்பது, அதன்பின் குல்லு, லாஹௌல்-ஸ்பிதி மாவட்ட நிர்வாகங்களுள் யாரைத் தொடர்புகொள்வது என்பதையும் எழுதிவிடுங்கள். பத்து நாள் செய்தியின்றி இருக்கப்போகும் பெற்றோருக்கும் துணைவருக்கும் அத்தாள் தரும் தெம்பு சிறிதன்று.

இவ்வளவு ஏற்பாட்டிற்குப் பின்னும் மேகம் சூழ்ந்து மண்டலாய் ஏரியோடு திரும்ப நேரலாம். அப்படியானால், கடல்மட்டத்திலிருந்து 4,100 மீட்டர் வரை தம் கால்களால் ஏறி, நலமாக இறங்கிய பயணம் அது. கணவாய் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதற்கான தொடர் வைப்பை மறுமாதமே தொடங்கிவிடலாம்.