முத்தியாலமடுவில் கண்ட செடி

ஆனேக்கல்லுக்குப் பக்கத்தில் முத்தியாலமடுவு. பேத்தியோடு போயிருந்தேன். பாறைச் சரிவெங்கும் ஒரே புதர். "இது என்ன செடி தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே காயொன்றைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். பெயர் அறியாத கனியை உண்ணலாகாது என்பது எங்கள் சமண இல்லங்களின் பழைய நோன்பு.

பிறகு இருவருமாகச் செடியை ஆராய்ந்தோம். முதலில் உண்ணிச்செடியோ என்று நினைத்தேன். உண்ணிக்கு இலைகள் எதிரெதிராக இருக்கும். தண்டு சதுரமாக, இலை சொரசொரப்பாக இருக்கும். இதிலோ இலைகள் மாறி மாறி அமைந்திருந்தன. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. காயில் காகிதம் போல மூன்று சிறகுகள். ஐயமில்லை, விராலி! தாவர நூலார் இதை டோடோனியா விஸ்கோசா என்பர். விஸ்கோசா என்றால் பிசுபிசுப்பானது. அவ்வழியே ஆடு மேய்த்து வந்த பெரியவரைக் கேட்டோம். கன்னடத்தில் 'பந்தரிகே' என்றார். சுளுக்குக்கு இலையை வைத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். புதுக்கோட்டைப் பக்கத்து விராலிமலைக்குப் பெயர் வந்ததும் இச்செடியால்தான் என்பர்.

இலையடுக்கு, தொடுவுணர்வு, காய், உள்ளூர்ப் பெயர்: இந்த நான்கும் ஒத்துவந்த பிறகே பெயர் சொல்ல வேண்டும். அதுவரை வாயில் வைக்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு இரு மொழிப் பெயரையும் சொல்லிக் கொடுப்போம்.