தோரியமும் உருகிய உப்பு அணுவுலையும்: ஓக் ரிட்ஜ் சோதனை மெய்ப்பித்ததும் மெய்ப்பிக்காததும்

முன்னுரை

எதிர்கால அணு ஆற்றல் குறித்த விவாதங்களில் தோரியமும் உருகிய உப்பு உலையும் பெரும்பாலும் இணைத்தே பேசப்படுகின்றன. எனினும் தோரியம் ஒரு மூலப்பொருள். உருகிய உப்பு உலை என்பது ஓர் உலை வடிவம். யுரேனியத்தை மட்டும் கொண்டு உருகிய உப்பு உலையை இயக்கலாம். திண்ம எரிபொருள் உலையிலும் தோரியத்தைப் பயன்படுத்தலாம். இவ்விரண்டையும் இணைக்கும் காரணம் யாது, அவ்விணைப்பு எந்த அளவிற்குச் சோதித்தறியப்பட்டுள்ளது என்பவற்றை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை இயங்கிய சோதனை உலையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தோரியம் எரிபொருளாதல்

இயற்கையில் கிடைக்கும் தோரியம் ஏறத்தாழ முழுவதும் தோரியம்-232 ஆகும். இதனால் தொடர்வினையைத் தானே நடத்த இயலாது. இது ஒரு நியூட்ரானை ஏற்றுத் தோரியம்-233 ஆக மாறுகிறது. அது 22 நிமிட அரை ஆயுளுடன் சிதைந்து புரோட்டாக்டினியம்-233 ஆகிறது. அதுவும் 27 நாள் அரை ஆயுளுடன் சிதைந்து யுரேனியம்-233 ஆகிறது. பிளவுற்று வெப்பம் தருவது இந்த யுரேனியமே. எரியும் அடுப்பின் அருகே உலர்த்தப்படும் ஈர விறகுக்குத் தோரியத்தை ஒப்பிடலாம். அடுப்பை முதலில் மூட்டுவதற்கு யுரேனியம்-235 அல்லது புளூட்டோனியம் வேண்டும்.

மெதுவேக நியூட்ரான் ஒன்றை ஏற்கும்போது யுரேனியம்-233 சராசரியாக 2.3 நியூட்ரான்களை வெளிவிடுகிறது. யுரேனியம்-235, புளூட்டோனியம்-239 ஆகியவற்றுக்கு இவ்வளவு ஏறத்தாழ 2.1 மட்டுமே. தொடர்வினை நீடிக்க ஒன்றும், எரிந்த அணுவுக்கு ஈடாகப் புதியதை ஆக்க ஒன்றும் தேவை. எல்லா இழப்புகளையும் எஞ்சிய 0.3-க்குள் அடக்கியாக வேண்டும். அமெரிக்காவின் ஷிப்பிங்போர்ட் உலையில் 1977 முதல் 1982 வரை நடந்த சோதனை இது இயலும் எனக் காட்டியது. தொடக்கத்தில் இருந்ததைக் காட்டிலும் ஒரு விழுக்காட்டிற்குச் சற்று மேலான பிளவுறு பொருள் அங்கு இறுதியில் மிகுந்தது. ஆனால் அது திண்ம எரிபொருளும் நீர்க் குளிர்விப்பும் கொண்ட உலை என்பது கருதத்தக்கது.

உப்பின் பங்கு

அவ்வாறாயின் உருகிய உப்பு எதற்கு? விடை அந்த 27 நாள்களில் உள்ளது. உலைக்குள் தங்கும் புரோட்டாக்டினியம் மேலும் ஒரு நியூட்ரானை ஏற்றுவிட்டால் அந்த நியூட்ரானோடு வருங்கால எரிபொருள் அணுவும் இழப்பாகிறது. திண்மக் கோலுக்குள்ளிருந்து அதனைப் பிரித்தெடுக்க, உலையை நிறுத்திக் கோலைக் கரைக்க வேண்டும். எரிபொருள் திரவமாயின், உலை இயங்கும்போதே அதனை வேதிமுறையில் பிரித்து, யுரேனியமாக மாறும்வரை வெளியே வைத்திருக்கலாம். மற்றொரு காரணமும் உண்டு. யுரேனியம்-233 உடன் சிறிதளவு யுரேனியம்-232 தோன்றுகிறது. அதன் சிதைவுத் தொடரில் வரும் தாலியம்-208 மிக ஊடுருவும் காமாக் கதிரை வீசுவதால், இவ்வெரிபொருளைக் கோல்களாக வார்க்கும் பணி தடித்த சுவருக்கு அப்பால் இருந்தே செய்யத்தக்கது. உப்பு உலைக்குக் கோல்களே தேவையில்லை.

உறைந்த உப்பு அடைப்பான் உருகி எரிபொருள் தொட்டிக்குள் வடிந்துவிடும் என்னும் பாதுகாப்புச் சிறப்பு உலை வடிவத்தைச் சார்ந்தது. தோரியத்தின் பண்பாக அதனைக் கூறுவது பொருந்தாது.

ஓக் ரிட்ஜ் உலை

ஆல்வின் வைன்பெர்க் இயக்குநராக இருந்த காலத்தில் ஓக் ரிட்ஜில் அமைந்த இவ்வுலை 1965 ஜூன் 1 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. லித்தியம், பெரிலியம், சிர்கோனியம், யுரேனியம் ஆகியவற்றின் ஃப்ளூரைடுகள் கலந்த உப்பு, கிராஃபைட் தணிப்பானின் ஊடே ஏறத்தாழ 650 பாகை செல்சியசில் ஓடியது. ஏறத்தாழ 8 மெகாவாட் வெப்பம் காற்றில் விடப்பட்டது, மின்சாரம் எடுக்கப்படவில்லை. 1968-இல் உப்பிலிருந்த யுரேனியம் ஃப்ளூரின் வளிமத்தால் பிரித்தெடுக்கப்பட்டு, யுரேனியம்-233 சேர்க்கப்பட்டது. அதனைக் கண்டறிந்தோருள் ஒருவரான கிளென் சீபோர்க், அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவராக அவ்வாண்டு அக்டோபரில் அங்கு வந்து உலையை இயக்கினார்.

தோரியத்திற்குச் சான்றாக இவ்வுலை அடிக்கடி காட்டப்படுகிறது. ஆயினும் இதன் எரிபொருள் உப்பில் தோரியம் சேர்க்கப்படவில்லை. அந்த யுரேனியம்-233 வேறு உலைகளில் ஆக்கிக் கொண்டுவரப்பட்டது. உலை இயங்கும்போதே புரோட்டாக்டினியத்தைப் பிரிக்கும் ஏற்பாடும் இங்கில்லை. எரிபொருள் உப்பு நிலைத்து நிற்கும், யுரேனியத்தை அதிலிருந்து எடுக்கலாம், யுரேனியம்-233 அதில் எரியும் என்பனவே மெய்ப்பிக்கப்பட்டவை. இவை சிறியன அல்ல. ஆனால் ஈனுலை ஆகா.

நிறுத்திய பின் செய்த ஆய்வில், பிளவுப் பொருளான டெல்லூரியம் நிக்கல் கலப்புலோகத்தின் மணி எல்லைகளில் நுண்விரிசல் உண்டாக்கியிருந்தது தெரிந்தது. எதிர்பாராதது 1994-இல் வெளிப்பட்டது. தொட்டிகளில் உறைந்து கிடந்த உப்பைக் கதிரியக்கம் சிதைத்து ஃப்ளூரினை விடுவித்திருந்தது. அது யுரேனியத்தோடு கூடி யுரேனியம் ஹெக்சாஃப்ளூரைடு வளிமமாகிக் குழாய்கள் வழியே நகர்ந்து, ஒரு பகுதி கரி வடிகட்டியில் படிந்திருந்தது. உலை நின்று கால் நூற்றாண்டு ஆகியும் எரிபொருள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது என்பது இதன் பொருள்.

பிரித்தெடுப்பின் இருமுகம்

உலைக்கு வெளியே வைக்கப்படும் புரோட்டாக்டினியம் ஏறத்தாழத் தூய யுரேனியம்-233 ஆக மாறுகிறது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் கணக்கில் இதன் 8 கிலோகிராம் ஆயுதக் கண்காணிப்புக்குரிய அளவாகும். புளூட்டோனியத்துக்கும் அதே அளவுதான். ஈனுதலுக்குத் துணைசெய்யும் படியே கண்காணிப்புக்குக் கடினமான படியாகவும் அமைகிறது. தோரியத்தால் ஆயுதம் செய்ய இயலாது என்னும் பரவலான கூற்று இவ்விடத்தில் நிற்பதில்லை.

இன்றைய நிலை

சீனாவின் கான்சூ மாகாணத்து வூவேயில் 2 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உப்பு உலை 2023-இல் இயங்கத் தொடங்கியது. 2024-இல் அதன் உப்பில் தோரியம் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலின் மோனசைட்டு தோரியத்தின் மூலமாகும். கல்பாக்கத்தின் 30 கிலோவாட் காமினி ஆய்வு உலை யுரேனியம்-233 கொண்டு 1996 முதல் இயங்கியது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருகிய உப்பு ஈனுலைக்கான வடிவமைப்பை ஆராய்ந்துவருகிறது. ஆனால் இந்தியாவின் மும்முனைத் திட்டத்தில் தோரியம் மூன்றாம் கட்டத்திற்குரியது. அதற்கு முன் இரண்டாம் கட்டத்தின் அதிவேக ஈனுலைகள் போதிய புளூட்டோனியத்தைப் பெருக்கியிருக்க வேண்டும்.