மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்த குடும்ப வண்டி

நம் அங்கத்தினர் ஒருவரின் புதல்வர் ஜெர்மனியில் பணிபுரிகிறார். மனைவி, இரு குழந்தைகளுடன் பயணம் செய்ய, 'பிளக்-இன் ஹைபிரிட்' என்னும் வகையைச் சேர்ந்த ஸ்டேஷன் வேகன் ஒன்றைக் கடன்பெற்று வாங்க எண்ணியுள்ளார். தந்தையாரும் தம் சேமிப்பிலிருந்து ஒரு தொகை அனுப்ப இசைந்து, எவ்வண்டி நன்று என நம்மை வினவினார். அவருக்கு நாம் கூறியதையே இங்கு விரித்துரைக்கிறோம்.

இவ்வகை வண்டியில் பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் ஒருங்கே உள்ளன. வீட்டு மின்சாரத்தால் நிரப்பப்பெறும் பாட்டரி தீரும் வரை மோட்டார் இழுக்கும். பிறகு பெட்ரோல் இயந்திரமே பெரும்பாலும் இழுக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஸ்கோடா சூப்பர்ப் கோம்பியும் வோக்ஸ்வாகன் பஸாட்டும் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. இரண்டிலும் பயன்படும் பாட்டரியின் கொள்ளளவு 19.7 யூனிட். சோதனை முறைப்படி மின்சாரத்திலேயே 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். மெர்ஸிடஸ் சி 300 இ வேகனின் பாட்டரியும் பெரியதே. வால்வோ வி60 வண்டியிலோ மின்மோட்டார் பின்சக்கரங்களையும் பெட்ரோல் இயந்திரம் முன்சக்கரங்களையும் சுழற்றுவதால், பனி வீழும் ஊர்களுக்கு அது ஏற்றது.

பாட்டரிக்கு இடம் வேண்டுமன்றோ? சாதாரண சூப்பர்ப் கோம்பியில் 690 லிட்டராக உள்ள சாமான் அறை, மின்வகையில் 510 ஆகிறது. மெர்ஸிடஸில் 490 லிட்டர் 360 ஆகச் சுருங்குகிறது. வேகன் வாங்குவதே சாமான் அறைக்காக என்பதால், குழந்தை வண்டியையும் பெட்டிகளையும் கடைக்கே கொண்டுபோய் ஏற்றிப் பார்த்தல் நலம்.

ஆயினும் இவையெல்லாம் இரண்டாம் பட்சமே. விளம்பர அட்டையில் 100 கிலோமீட்டருக்கு ஒன்று, இரண்டு லிட்டர் பெட்ரோலே போதும் என்று கண்டிருக்கும். 2021ஆம் ஆண்டு பதிவான வண்டிகளின் உண்மைச் செலவை ஆராய்ந்து, ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இவ்வகை வண்டிகள் வெளிவிடும் கரியமில வாயு, சோதனைச்சாலைக் கணக்கைப்போல் சராசரி மூன்றரை மடங்கு இருந்ததாம்! சாதாரண பெட்ரோல், டீசல் வண்டிகளில் அவ்வேறுபாடு சுமார் 20 சதவீதமே. எதிர்பார்த்த அளவு மின்சாரம் ஏற்றி ஓட்டப்படாமையே முதற்காரணம். மின் இணைப்புக் கிடைக்குமுன் மோட்டாரை வாங்கிக் கிணற்றருகே வைத்துவிட்டு, வட்டி மட்டும் கட்டிவந்த உழவரை நாம் தணிக்கையின்போது கண்டதுண்டு. சொருகப்படாத பாட்டரியும் அத்தகையதே. வீண்பாரத்தை இழுக்கப் பெட்ரோல் மேலும் செலவாகும்.

எனவே நாம் முதலில் கேட்டவை இரண்டே: நாள்தோறும் எவ்வளவு தூரம் ஓட்டுவார்? இரவில் வண்டி நிற்குமிடத்தில் மின்சாரம் உண்டா? புதல்வர் அலுவலகம் போய்வர 40 கிலோமீட்டர். சாதாரணச் சுவர் இணைப்பில் இரவு முழுவதும் ஏற்றினால், குளிர்காலத்தில் தூரம் சற்றுக் குறைந்தபோதிலும், ஒரு நாளுக்குத் தாராளமாகப் போதும். பெட்ரோல் நெடும்பயணத்திற்கே தேவைப்படும். மின்வசதி இல்லையேல் மலிவான சாதாரண வேகனே சிறந்தது என்பது நம் கருத்து.

அவர் குடியிருப்பது வாடகை வீடு. மின்னேற்றும் வசதியைத் தம் செலவில் அமைத்துக்கொள்ள அனுமதி கோரும் உரிமை, 2020 டிசம்பர் முதல் ஜெர்மனியில் வாடகைதாரர்க்குச் சட்டப்படி உண்டு. வீட்டு உரிமையாளரிடம் கேட்டு எழுதுவதாகப் புதல்வர் தெரிவித்துள்ளார். அக்கடிதம் வரும்வரை தந்தையார் தொகையை அனுப்பவில்லை.