கம்பளிப் பின்னலும் கம்பம் பள்ளத்தாக்கும்

நூல் என்னுஞ் சொல் தமிழில் ஏட்டையுங் குறிக்கும், இழையையுங் குறிக்கும். நன்னூலார் இவ்விரண்டையும் இயைத்து, சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் மகளாகவும் உருவகித்தனர். முன்னைய நூலைப் பற்றி இம்மலரில் எழுதுவார் பலர் உளர். யாம் பின்னைய நூலைப் பற்றிச் சில கூறப் புகுகின்றோம்; அதனுள்ளும் கம்பளி நூலையும், அதனைக் கையாற் பின்னுங் கலையையும் எடுத்துக் கொண்டோம். “வெயில் காயுந் தேனி நாட்டிற்குக் கம்பளி எதற்கு?” என்று அன்பர் சிலர் நகைத்தலுங் கூடும். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட இப்பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியிற் கிடக்கின்றது. 1895-ல் திறக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர் பாய்ந்து, நெல்லும் தென்னையும் திராட்சையும் ஈண்டுச் செழிக்கின்றன. வயலில் நிற்பார்க்குக் கம்பளி வேண்டுவதன்று என்பது மெய்யே. ஆனால் தலையை நிமிர்த்துச் சுற்றிலும் நோக்குக. பெரியகுளத்திற்கு மேலே கோடைக்கானல். போடிக்கு மேலே போடிமெட்டு, அதற்கப்பால் மூணாறு. சின்னமனூருக்கு மேலே மேகமலை. போடி, கோம்பை, கம்பம், கூடலூர் முதலிய ஊர்களினின்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் மீளுகின்றனர். மார்கழி, தைத் திங்களில் அம்மலையின் காற்று எலும்பை ஊடுருவும். அப்பெண்கள் சேலையின்மேல் ஆடவர் சட்டை ஒன்றை மாட்டித் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கொள்ளுகின்றனர். பலர்க்குக் குளிர்காப்பு அவ்வளவே. எனவே, கம்பளி வேண்டுவோர் இப்பள்ளத்தாக்கிலேயே உளர் என்பது தெளிவு.

இனிக் கம்பளியின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். செம்மறியாட்டின் உரோமம் நேராக நில்லாது சுருண்டு சுருண்டு செல்வது. அச்சுருள்களினிடையே காற்று சிறைப்படுகின்றது. சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆகலின் உடலின் சூடு வெளியே செல்லாது நிற்கின்றது. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னரும் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. மூடுபனியில் நின்று வேலை செய்வார்க்குப் பருத்தியினும் கம்பளி சிறத்தற்கு இதுவே காரணம். இழையின்மேல் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உள்ளன. வெந்நீரிலிட்டுக் கசக்கின் அச்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, ஆடை சுருங்கிக் கட்டிப்படும். ஆகவே, கம்பளியைத் தண்ணீரில் மெல்ல அலசி, பிழியாது அழுத்தி நீரை வடித்து, நிழலிற் பரப்பி உலர்த்துதல் வேண்டும்.

நம் நாட்டுச் செம்மறியாடு எல்லாம் இத்தகைய உரோமம் தருவன அல்ல. வேம்பூர், கீழக்கரிசல், மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை முதலியன இறைச்சிக்கு உரியன. அவற்றின் மேனியில் உள்ளது முடியேயன்றிப் பின்னற்குரிய கம்பளியன்று. தமிழ்நாட்டு இனங்களுள் மெல்லிய கம்பளி தருவது நீலகிரி ஆடு. நம் பள்ளத்தாக்கிற்கு அணித்தாய்க் கோடைமலையின் மேல், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் மன்னவனூர் என்னுஞ் சிற்றூர் உளது. இராசத்தானத்து அவிகாநகரில் 1962-ல் நிறுவப்பெற்ற மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965-ல் அங்கே தோன்றியது. அயல்நாட்டு மெரினோ, இராம்புலே ஆடுகளை நம் நாட்டு ஆடுகளுடன் கலந்து உண்டாக்கிய ‘பாரத் மெரினோ’ என்னும் இனம் அங்கே வளர்க்கப் பெறுகின்றது. கம்பளி நமக்கு முற்றும் அயலான பொருளன்று என்பதற்கு இஃதொரு சான்று. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் பட்டு, மயிர், பருத்தி என்னும் மூன்றானும் தொழில் செய்த காருகர் இருந்தமையைச் சிலப்பதிகாரமும் உணர்த்தும்.

நெய்தல் வேறு, பின்னல் வேறு. நெசவில் பாவு, ஊடை என இருதிறத்து நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும்; தறி இன்றியமையாதது. பின்னலிலோ நூல் ஒன்றே. கருவி இரண்டு ஊசிகளே. ஓர் ஊசியில் வரிசையாகக் கண்ணிகளை ஏற்றி, ஒவ்வொரு கண்ணியினுள்ளும் மற்றை ஊசியால் நூலை இழுத்துப் புதுக்கண்ணி ஆக்குவதே இதன் முழு மறை. நூலைப் பின்னிருந்து முன்னே இழுத்தல் ஒருவகை. முன்னிருந்து பின்னே தள்ளுதல் மற்றொரு வகை. இவற்றைப் பின்னுவோர் ‘நிட்’, ‘பர்ல்’ என ஆங்கிலப் பெயராலேயே வழங்குவர். எழுத்துக்கள் சிலவே யாயினும் அவற்றாலாகுஞ் சொற்கள் எண்ணிலவாதல் போல, இவ்விரண்டின் மாற்றத்தாற் கோலங்கள் பலவும் தோன்றும். திருப்பூர்ப் பனியனும் இங்ஙனம் கண்ணியிற் கண்ணி கோத்ததே. ஆண்டுப் பொறி செய்வதை ஈண்டுக் கை செய்கின்றது. பனியன் இழுத்த வழி நெகிழ்ந்து மீண்டும் கூடுதற்குக் காரணமும் இக்கண்ணிகளே. பின்னலுக்கு மற்றுமொரு சிறப்புண்டு. குழந்தை வளர்ந்து சட்டை சிறிதாயின், அதனைப் பிரித்து, அந்நூலையே மீண்டும் பெரிதாகப் பின்னலாம். ஏழை வீட்டிற்கு இதனினும் ஏற்ற கலை யாது?

இக்கலை மிகப் பழையது. எகிப்து நாட்டில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பின்னற் காலுறைகள் கிடைத்துள்ளன. செர்மானிய ஓவியர் மாஸ்டர் பெர்ட்ராம் 1400-ஐ அடுத்துத் தீட்டிய திருப்பலிபீடப் படமொன்றில், மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு குழந்தை இயேசுவுக்குத் தையலில்லா அங்கி பின்னுகின்றனள். 1589-ல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலக் குருவானவர் பின்னற்பொறியை இயற்றினார்.

கடையில் நூல் வாங்குவார்க்கு ஓர் எச்சரிக்கை. ‘உல்லன்’ என்று விற்கப்படுவதிற் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. ஒரு துண்டு நூலை இடுக்கியாற் பற்றித் தீயிற் காட்டுக. மயிர் கருகும் நாற்றம் வீசி, எரி தானே அவிந்து, சாம்பல் விரலிற் பொடியாயின் அது கம்பளி. உருகிக் கடுமணியாய் இறுகின் அது செயற்கை. அக்ரிலிக் விலை குறைந்தது, துவைத்தற்கு எளியது. அதனைப் பழித்தல் வேண்டா. எனினும், ஒன்றின் பெயரால் மற்றொன்றற்குப் பொருள் கொடுத்தல் ஆகாது. ஓர் ஆடைக்கு வேண்டிய கண்டுகளை ஒரே சாயத்தில் தோய்ந்தனவாக ஒருங்கே வாங்குதலும் வேண்டும். பின்னர் வாங்கின் நிறம் மாறுபட்டுக் கோடு தோன்றும்.

இனி, கூடிப் பின்னுதலின் பயனைக் கூறுவோம். 1819-ல் நாகர்கோயில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம் பள்ளிச் சிறுமியர்க்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். ரேந்தைப் பின்னல் திண்டின்மேல் குச்சிகளால் நூலை முறுக்கிச் செய்வது. கம்பளிப் பின்னலின் வேறானது. ஆயினும் ஒன்றாய் அமர்ந்து கற்ற அப்பெண்களுள் அடிமைகளும் இருந்தனர். தாம் ஈட்டிய கூலியைக் கொண்டு தம் விடுதலையை வாங்கினோரும் இருந்தனர். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்ததோ 1855-ல். மால்ட் அம்மையாரின் மகளார் எலிசா, 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடியில் அத்தொழிலைப் பரப்பினார். கணவர் இயற்றிய ஒப்பிலக்கண நூலைத் தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிவோம். மனைவியார் கற்பித்த நூலையும் அறிதல் நன்று.

அற்றேல், கம்பளிப் பின்னலால் நம் பள்ளத்தாக்குப் பெண்கள் செல்வராவரோ எனின், ஆகார். ஒரு சுவெட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ நூலும் பல நாள் உழைப்பும் வேண்டும். லூதியானாப் பொறிகளின் விலைக்குக் கையால் ஈடுகொடுத்தல் அரிது. ரேந்தைக்குக் கடல் கடந்த வாணிகம் துணைநின்றது. இதற்கு அத்துணை இல்லை. ஆனால் ஒரு குல்லாய்க்கு 100 கிராம் நூல் போதும். பழகிய கை இரண்டு மூன்று மாலைகளில் அதனை முடிக்கும். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள்ளன. திருச்சபைகளிற் பெண்கள் ஐக்கிய சங்கங்களும் உள்ளன. பதின்மர் கூடி நூலை மொத்தமாக வாங்கின் விலை குறையும். அறிந்தவர் ஒருவர் ஒன்பதின்மர்க்குக் கற்பிப்பர். பேசிக்கொண்டே பின்னுதலால் களைப்பும் தோன்றாது. பின்னியதை முதற்கண் மலையேறும் நம் தாய்மார்க்கே அளிக்கலாம். எஞ்சியதைக் கோடைக்கானலுக்கும் மூணாற்றுக்கும் வருவார்க்கு விற்கலாம்.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அவள் தங்களுக்குச் செய்து தந்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதனர் எனத் திருமறை கூறும். அவள் பேசிய பேச்சு ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. அவள் கைத்தொழிலே அவளுக்குச் சாட்சியாயிற்று. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவ மாணவியர் நன்னூலோடு இந்நூலையும் ஒரு கண்டு எடுத்துச் செல்வாராக. விடியலிற் புறப்படும் ஜீப்பில் ஒரு தாயின் செவி குளிராதிருப்பின், அஃது இக்கல்லூரிக்கும் பெருமையே யாகும்.